காற்றில் வரும் குரலும் நமது மலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



விழா மலருக்கும் விழா மேடைக்கும் பொருத்தமான ஒரு விடயத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். மிஷன் பாடசாலையில் படித்த பிள்ளைகள் ஆதலால் பிரசங்கம் செய்யப் பழகியிருப்போம் என்று அவர் எண்ணினார் போலும். திருமுறையைப் பற்றியோ, நாயன்மார் வரலாற்றைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருக்கும் பெரியோர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வானொலி. அதிலும் வர்த்தகப் பண்பலை வானொலிகளும், ஆண்டுக்கு ஆண்டு மாறிவரும் அவற்றின் நிகழ்ச்சி முறைகளும்.

இது விழா மேடைக்கு ஏற்ற பொருளா என்று சிலர் நினைக்கலாம். செல்வங்கள் எல்லாவற்றிலும் செவியால் பெறும் செல்வத்தையே தலையாயதாக வைத்தார் வள்ளுவர். கல்லாதவனும் கேட்டாவது அறியட்டும் என்றார். நமது தோட்டங்களிலே எழுத்தறியாத எத்தனையோ தாய்மாருக்கு அந்தக் கேள்விச் செல்வத்தை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தது வானொலி அன்றோ? அந்தச் செல்வம் இன்று எப்படி இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது இளைஞர் சங்கத்தின் கடமை என்றே கருதுகிறோம்.

எங்கள் அம்மாயி வாழ்ந்த லயத்தில் ஒரு காலத்தில் ஒரேயொரு வானொலிப் பெட்டிதான் இருந்ததாம். விடியற்காலையில், பெரட்டுக்குப் போகுமுன், அந்தக் காம்பராவின் இஸ்தோப்பிலே அது பாடும். பக்கத்துக் காம்பராக்காரருக்குத் தனிப் பெட்டி வேண்டியதில்லை. லயத்துச் சுவர்தான் கூரைவரை எட்டாதே! ஒருவர் வீட்டுப் பாட்டு பத்து வீட்டுப் பாட்டு. செய்தி வரும்போது மட்டும் யாராவது ஒருவர் ‘சத்தம் போடாதீங்க’ என்பார். லயம் முழுவதும் அடங்கும். எங்கள் அம்மாயி கையெழுத்துப் போடக்கூடக் கற்றவர் அல்லர். ஆயினும் நாட்டில் எந்த மந்திரி வந்தார், எவர் போனார், அரிசி என்ன விலை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய பள்ளிக்கூடம் அந்தப் பெட்டி.

இந்நாட்டில் வானொலி தோன்றி நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி, எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. பிரித்தானியாவில் பீ.பீ.ஸீ. தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நேச நாட்டுப் படையினர் தமது தேவைக்காகக் கொழும்பில் வலுவான ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்தனர். யுத்தம் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி என்ற பெயர் நிலைத்தது. 1950 செப்டெம்பரில் வர்த்தக சேவை பிறந்தது.

அடுத்து நிகழ்ந்தது சுவையான கதை. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுச் சங்கீத ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் இல்லாமற் செய்தார். பாட்டை நிறுத்தினார்; ஆனால் பாட்டுக் கேட்கும் ஆசையை நிறுத்த அவரால் முடியவில்லை. இந்திய நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். ‘பினாக்கா கீத்மாலா’வை அமீன் சயானியின் குரலில் வட இந்தியா முழுவதும் கேட்டது இலங்கை வானொலியில்தான். தமிழ்ப் பகுதியில் எஸ். பி. மயில்வாகனன் போன்றோரின் குரலுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் காத்திருந்தன. 1957 ஒக்டோபரில் விவித பாரதி என்ற புதிய சேவையைத் தொடங்கி, சினிமாப் பாட்டை மீண்டும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது டில்லிக்கு. கேட்பவன் விருப்பத்தை அறவே மதியாத வானொலி கேட்பவனை இழக்கும் என்பது இக்கதை தரும் பாடம். இந்தப் பாடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் மேலே செல்கிறோம். பாட்டுப் போடுவது குற்றம் என்று சொல்ல நாம் வரவில்லை.

1967 ஜனவரியில் இலங்கை வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள் புகழ் பெற்ற காலம் அதன்பின் வந்தது. நாடகம், கவியரங்கு, மெல்லிசை, கிராம சஞ்சிகை, மாணவர் நிகழ்ச்சி, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருந்தது. ஈழத்தவர் தாமே பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடிய மெல்லிசைக்கும் அங்கே இடம் இருந்தது. அக்காலத்திலும் குறைகள் இருந்தன. அரசாங்கத்தின் வானொலியில் அரசாங்கத்துக்குப் பிடிக்காத குரல் எளிதில் ஏறாது. ஆகவே, 1990களின் முற்பகுதியில் தனியார் நிலையங்களுக்கு வழி திறந்தபோது மக்கள் அதனை வரவேற்றதில் வியப்பில்லை. 1998ஆம் ஆண்டில் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். ஆகிய இரண்டு தனியார் தமிழ் நிலையங்கள் பிறந்தன. இரவு பகல் ஓயாத தமிழ் ஒலிபரப்பு நமது மலைக்கு வந்தது அப்போதுதான்.

அவற்றினால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நன்றி கொன்ற செயலாகும். எழுதிப் படிக்கும் கட்டுரைத் தமிழை விட்டு, வீட்டில் பேசும் தமிழில் நம்மோடு பேசினார்கள். தபாலட்டை போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த நேயரை, தொலைபேசியில் அழைத்து அந்த நிமிடமே பேசவைத்தார்கள். யுத்தக் காலத்தில் மணிக்கு மணி செய்தி தந்தார்கள். இந்தியாவிலே தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப அனுமதி பெறவில்லை. இலங்கையிலோ அவை செய்தியாளரை வைத்தே வளர்ந்தன. அதற்கு விலையும் கொடுத்தன. 2007 ஒக்டோபரில், பிழையான செய்தி ஒன்றை வெளியிட்டதாகக் கூறி, சூரியன் எப்.எம். உட்பட ஒரே நிறுவனத்தின் ஐந்து அலைவரிசைகளின் உரிமத்தை அரசு பறித்தமையை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் லயத்தாரும், 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் தீர்மானமான சேதியைத் துண்டுப்பிரசுரத்திலோ சங்கக் கூட்டத்திலோ அறியவில்லை. காலைச் செய்தியிலேயே அறிந்தார்கள்.

இனி, குறைக்கு வருவோம். நிகழ்ச்சி முறை ஏன் மாறியது? எப்படி மாறியது?

இன்று உலகமெங்கும் வழங்கும் வர்த்தக வானொலி முறைக்கு விதை போட்டவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் ஒமாஹா நகரத்து நிலைய உரிமையாளர் டொட் ஸ்டோர்ஸ். காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டிகள் அந்நாட்டு உணவுச்சாலைகளில் இருந்தன. நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருந்தும், மக்கள் காசு போட்டுக் கேட்டவை திரும்பத் திரும்ப அதே சில பாட்டுகள்தாம் என்பதைக் கண்ட அவர், 1950களின் தொடக்கத்தில், புகழ் பெற்ற சில பாட்டுகளையே சுற்றிச் சுற்றி ஒலிபரப்பும் முறையைப் புகுத்தினார். கேட்பவர் கூடினர், விளம்பரம் கூடியது. நமது பண்பலைகளில் காலையில் கேட்ட பாட்டை மத்தியானத்திலும், மத்தியானத்தில் கேட்டதை மாலையிலும் கேட்கிறோமே, அதன் பிறப்பிடம் ஒரு சாப்பாட்டுக்கடைப் பெட்டி!

வர்த்தக வானொலிக்கு வருமானம் விளம்பரம். விளம்பரம் தருபவர் பார்ப்பது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது மட்டுமன்று. கேட்பவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதும்தான். கொழும்பிலே கடை வைத்திருப்பவனும் வாங்குபவனும் அருகருகே இருக்கிறார்கள். மடுல்சீமையிலே கொழுந்து பறிக்கும் பெண் நாள் முழுவதும் வானொலி கேட்டாலும், அவள் குளிரூட்டும் பெட்டி வாங்கப் போவதில்லை என்பது விளம்பரக்காரன் கணக்கு. ஆகவே, கேட்பவருள் அவள் எண்ணப்படுகிறாள், மதிப்பவருள் எண்ணப்படுவதில்லை. கேட்பவர் மலையில், பேசுபவர் கொழும்பில், பாட்டு சென்னையில் என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று.

முதலில் குறைந்தது நாடகம். அதற்கு நடிகர், பிரதி, ஒத்திகை என்று பல வேண்டும், செலவும் அதிகம். பிறகு உரைகளும் கிராம நிகழ்ச்சிகளும் குறைந்தன. ஈழத்துப் பாடல்கள் இரவின் மூலைக்குப் போயின. அறிவிப்பாளரின் தமிழில் ஆங்கிலம் ஏறியது. தபாலட்டை போய்த் தொலைபேசி வந்தது. தொலைபேசி போய்க் குறுந்தகவல் வந்தது. அதுவும் போய் முகநூல் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் கருவி இல்லாத ஒரு கூட்டம் படலைக்கு வெளியே நின்றது.

எங்கள் லயத்து அக்கா ஒருவர், தமது தம்பியின் பிறந்தநாளுக்குப் பாட்டு ஒன்று கேட்டு, ஒரு நிலையத்தை அழைத்தார். அந்த நிலையத்தின் பெயரை ஈண்டு சொல்லவேண்டியதில்லை. அவர் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் நமது வழக்கில் சொன்னார். அறிவிப்பாளர் சிரித்து, ‘அது என்ன இடம், காட்டுக்குள்ளா இருக்கிறது?’ என்று கேட்டு, அவர் பேசிய விதத்தையும் ஒருமுறை பேசிக் காட்டினார். கெட்ட எண்ணத்தோடு செய்ததாகத் தெரியவில்லை, விளையாட்டுத்தான். பாட்டும் போட்டார்கள். ஆனால் அந்த அக்கா இன்றுவரை மறுபடியும் அழைக்கவில்லை. நாடறியத் தனது குரலைக் கேட்கும் ஆசை ஒரு நாளில் அவிந்து போயிற்று. நமது பிள்ளைகள் நகரத்துக்குப் போனதும் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசுகிறார்களே, அந்தக் கூச்சம் இத்தகைய சிறு சிரிப்புகளிலேதான் விளைகிறது.

இதுவரை சொன்னவை மானத்தைப் பற்றியவை. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

பண்பலையின் இயல்பு ஒன்றை இளையோர் அறிந்திருத்தல் நன்று. பழைய சிற்றலை வானில் உயரே சென்று, அங்குள்ள மின்மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்தும் கேட்கும். பண்பலையோ பார்வை போல நேராகச் செல்வது. மலை மறைத்தால் ஒலியும் மறையும். கொழும்பின் சிற்றலைப் பாட்டுத் தமிழ்நாட்டுக்குக் கேட்டது. இன்றோ 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையின் இப்புறம் தெளிவாகக் கேட்கும் நிலையம் அப்புறத்துப் பள்ளத்தில் இரைகிறது. பசறையிலிருந்து பண்டாரவளைக்குப் பஸ்ஸில் போகிறவர் சாரதி எத்தனை முறை வானொலியைத் திருகுகிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆகவே, மலைநாட்டுக்குப் பண்பலை என்றால் மலைக்குள்ளேயே நிலையம் வேண்டும். மலைக்கும் மழைக்கும் பேசுபவர் மலையில் இருந்தாக வேண்டும்.

இந்த உண்மையை நாடு அறியாமலில்லை. 1980களில் மகாவலிக் குடியேற்றங்களுக்காகச் சமூக வானொலி தோன்றியது. அவற்றுள் ஒன்று நமது மாவட்டத்து கிராந்துருக்கோட்டையில் அமைந்தது. 1989இல் கொத்மலையில் ஒன்று வந்தது. இணையம் என்ற சொல்லையே நம்மவர் அறியாத 1990களின் இறுதியில், நேயர் கேட்ட கேள்விக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி வானொலியில் விளக்கிச் சொல்லி, கொத்மலை வானொலி உலகத்தார் வந்து பார்க்கும் நிலையை அடைந்தது. பின்னர் 2000களின் முற்பகுதியில் பதுளையிலேயே ஊவா சமூக வானொலி தோன்றியது. இவையெல்லாம் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடைக்கீழ் இருந்தவை. கிராமத்தவரும் தோட்டத்தவரும் தாமே உரிமம் பெற்று நடத்தியவை அல்ல. எனினும், பேசுபவரும் கேட்பவரும் ஒரே மழையில் நனைபவர் என்ற சிறப்பு அவற்றுக்கு உண்டு.

2002 ஜனவரி 18ஆம் திகதி, அமெரிக்காவின் மைனட் என்ற சிறு நகரத்தின் அருகே நள்ளிரவு தாண்டிய வேளையில் புகையிரதம் தடம் புரண்டு, அமோனியா நச்சுவாயு பரவியது. அந்நகரத்தின் ஆறு வர்த்தக வானொலி நிலையங்களும் ஒரே பெரிய நிறுவனத்தின் கைவசம் இருந்தன. பாட்டும் பேச்சும் இயந்திரத்தின் வழியே ஓடிக்கொண்டிருந்தன. மக்களை எச்சரிக்கப் பொலிசார் நிலையத்தை அழைத்தபோது உடனே பதில் கிட்டவில்லை. ஒருவர் இறந்தார்; பலர் வாயுவால் துன்புற்றனர். ஆறு நிலையங்கள் பாடின, ஆளில்லை.

நமக்கு அந்தக் கதை தூரத்துக் கதையா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்ததாகப் பின்னர் பத்திரிகைகளில் படித்தோம். போக வேறு இடம் இல்லாதவர்க்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பது உண்மை. ஆயினும் எச்சரிக்கை ஓர் அலுவலகக் கோப்பில் உறங்குவதற்கும், லயத்து மொழியில், தோட்டத்தின் பெயர் சொல்லி, நாள்தோறும் காதில் விழுவதற்கும் வேற்றுமை இல்லையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நமது பதுளை மாவட்டம் மிகுதியாக அழிந்த மாவட்டங்களுள் ஒன்று. அந்த இரவுகளை இச்சபைக்கு நாம் விவரிக்கவேண்டியதில்லை. எங்கள் லயத்தில் மின்சாரம் நின்றது. கைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. பின்னர் மின்னேற்றமும் இல்லை. இறுதியில் பேசியது எது தெரியுமா? அம்மாயி விட்டுச்சென்ற பழைய பெட்டி. கடையில் வாங்கி வைத்திருந்த நான்கு பற்றரிகளைப் போட்டு, இருட்டிலே எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். தமிழ் நிலையம் ஒன்று இரைச்சலுக்கிடையே கிடைத்தது. இறந்தோர் தொகை சொன்னார்கள், கொழும்பில் ஆற்று மட்டம் சொன்னார்கள், வருந்தியே சொன்னார்கள். ஆனால் எங்கள் மேல்மலை நிற்குமா, கீழே பாடசாலைக்குப் போகும் பாதை திறந்திருக்கிறதா, இன்றிரவு லயத்தில் உறங்கலாமா என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. பிறகு சிங்கள மொழியில் மண்சரிவு அறிவித்தல் ஒன்று வந்தது. எங்களுள் சிங்களம் நன்கறிந்த தம்பி ஒருவன் அதை வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல, முதியோர்களையும் குழந்தைகளையும் எழுப்பிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனோம். அவன் அன்று ஊரில் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் எண்ணுகிறோம். புயலுக்குப் பின், எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் எழுந்தது. எங்கள் லயம் அதற்கு ஒரு சிறு சாட்சி.

‘கைபேசி இருக்கும் காலத்தில் வானொலி எதற்கு?’ என்று இளையோரும், ‘தனியார் நிலையத்தாரிடம் நாம் கேட்க என்ன உரிமை?’ என்று மூத்தோரும் வினவலாம். முதல் வினாவுக்கு அந்த இரவே விடை. நோர்வே தேசம் 2017இல் தனது தேசிய ஒலிபரப்புகளைப் பண்பலையிலிருந்து எண்மிய முறைக்கு மாற்றியது. அங்கேயும் வானொலியைக் கைவிடவில்லை, கருவியைத்தான் மாற்றினார்கள்.

இரண்டாம் வினாவுக்கு நமது உயர் நீதிமன்றமே விடை தந்துள்ளது. கூட்டுத்தாபனத்தின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டபோது, அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் அறிவிப்பாளரும் அல்லர், அதிகாரியும் அல்லர், நேயர். 1996இல் நீதிமன்றம் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது, அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவற்றை ஆளும் சபை சுதந்திரமானதாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தையும் அது வலியுறுத்தியது. கடையைத் தனியார் வைக்கலாம். கடை நிற்கும் தெரு எல்லோருக்கும் உரியது. ஆகவே, நாம் நிலையத்தாரிடம் பிச்சை கேட்கவில்லை, முறை கேட்கிறோம்.

பேசிவிட்டுக் கலைவது நமது சங்கத்துக்கு அழகன்று. நான்கு காரியங்களைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது: ஒரு மாத காலம், அங்கத்தவர் முறைவைத்து ஒவ்வொரு தமிழ் நிலையத்தையும் கேட்டு, ஊவாவைப் பற்றி என்ன சொல்லப்பட்டது, எத்தனை நிமிடம் சொல்லப்பட்டது என்று கொப்பியில் குறிப்போம். கையில் கணக்கு இல்லாத முறைப்பாடு புலம்பலாகவே முடியும்.

இரண்டாவது: அந்தக் கணக்கோடு நிலையத்தாருக்கும், அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகளுக்கும் மரியாதையாக எழுதுவோம். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைத் தோட்டத்தின் பெயர் சொல்லித் தமிழிலும் அறிவியுங்கள். வாரத்தில் அரை மணி நேரமாவது மலையிலிருந்து பேசும் நிகழ்ச்சிக்கு ஒதுக்குங்கள் என்று கேட்போம்.

மூன்றாவது: நமது காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், தாய்மாரின் தாலாட்டு, கொழுந்து மலைப் பாட்டு ஆகியவற்றைக் கைபேசியிலாவது ஒழுங்காகப் பதிந்து வைப்போம். ஸீ. வீ. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களை அலைந்து திரட்டி நூலாக்கினார். ஒலியாக்கும் வேலை நமக்கு மிஞ்சியிருக்கிறது. ‘நிகழ்ச்சி இல்லை’ என்று சொல்பவர் கையில் நிகழ்ச்சியைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

நான்காவது, உடனே செய்யத்தக்கது: ஒவ்வொரு லயத்துக்கும் பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்றும், மழை இரவில் அதைக் கேட்டு எழுப்பும் பொறுப்புடைய இளைஞர் இருவரும். ஒருவர் இரு மொழியும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். இவ்வாண்டு விழாவின் மேடைச் சோடனையில் சிறிது குறைத்தாலும் இது நிறைவேறும். அம்பாள் கோபிக்கமாட்டாள்.

பெரியோர்களே, வானொலி மாறிக்கொண்டே இருக்கும், மாறட்டும். கட்டுரைத் தமிழ் போய்ப் பேச்சுத் தமிழ் வந்தது போல, நாளை வேறொன்று வரும். பாட்டும் வரட்டும், சிரிப்பும் வரட்டும். அந்த மாற்றங்களுக்கிடையே நமது லயத்தின் பெயர் கூச்சமின்றி ஒலிக்கவேண்டும். மலை அசையும் இரவில், நமது மொழியில், ‘எழுந்திருங்கள்’ என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அக்குரல் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திராமல், நமது சங்கத்திலிருந்து இன்றே தொடங்கட்டும் என்று வேண்டி அமைகிறோம்.